அதிர்வு தாங்கியின் வரலாறு

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மக்களுக்கு நாகர்கோவில் சாலையை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. கரமனை, பாப்பனங்கோடு, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று தெற்கே இறங்கி, களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டு, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலை அடைந்து, குமரி முனையில் முடிவுறும் சாலை அது. 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ரயில் பாதை திறக்கப்படும் வரையில், இவ்விரு நகரங்களுக்கிடையே தரைவழிப் பயணத்திற்குச் சாலையை விட்டால் வேறு கதி இருந்ததில்லை. திருமணத்திற்கும் துக்கத்திற்கும், படிப்பிற்கும் பிழைப்பிற்கும் அச்சாலையில் பஸ் ஏறிக் குலுங்கிக்கொண்டு சென்றவர்களின் மக்களும் பேரர்களுமே இன்று அந்நகரில் வாழும் தமிழருள் பலர்.

அந்தக் குலுக்கத்தைப் பற்றியே இங்கு நாம் பேசப் புகுகின்றோம். மோட்டார் வண்டியின் அடியில், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், கைப்பிடிக்குள் அடங்கக்கூடிய ஓர் இரும்புக் குழல் இருக்கிறது. தொழிலாளர் அதனை ‘ஷாக் அப்ஸார்பர்’ என்றும், சுருக்கமாக ‘ஷாக்’ என்றும் கூறுவர். நூல்களில் அதிர்வு தாங்கி என்று எழுதுவது வழக்கம். தேய்ந்துபோன அக்குழலைத் திறந்து, பழுது நீக்கி, மீண்டும் உயிரூட்டும் தொழில் எவ்வாறு தோன்றிற்று, எக்காரணத்தால் அருகிற்று, பந்தயக் கார்களின் உலகில் எவ்வாறு நிலைபெற்று நிற்கின்றது என்பதே நாம் ஆராயும் பொருள். சிறிய பொருள்தான், ஆயினும் வழிச்செல்வோரின் உயிர்க்காப்பும் கைத்தொழிலறிவின் வருங்காலமும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

முதலில் திருவனந்தபுரத்துக் கதையைக் காண்போம். திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. லண்டன் மாநகரப் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றி வந்த இ. ஜி. சால்ட்டர் என்பவரை 1937ஆம் ஆண்டில் வரவழைத்து, அத்துறையின் பொறுப்பை ஒப்படைத்திருந்தார்கள். தொடக்க நாளன்று மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவும் அரச குடும்பத்தினரும் அமர்ந்து சென்ற முதல் பஸ்ஸைச் சால்ட்டரே ஓட்டினார். அத்துறைக்கென இங்கிலாந்திலிருந்து வந்தவை 60 காமர் அடிச்சட்டங்களும் அவற்றிற் பொருத்தப்பெற்ற பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களுமே. மேற்கூடு முழுவதையும் சால்ட்டரின் மேற்பார்வையில் உள்ளூர்த் தொழிலாளரே கட்டி முடித்தனர். அதற்கான பட்டறை சாக்கையில் இருந்தது. பிற்காலத்தில், 1965ஆம் ஆண்டில், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாக உருப்பெற்ற நிறுவனத்தின் வேர் அதுவேயாகும்.

அடிச்சட்டம் அயல்நாட்டினின்று வந்தது. அதைச் செப்பமிட்டு ஓடச் செய்யும் ஆற்றலோ உள்ளூர்ப் பட்டறையில் வளர்ந்தது. இது தற்செயலாய் அமைந்த நன்மை மட்டுமன்று. மறு ஆண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. கப்பல் வழியே உதிரி உறுப்புகள் வருவது அரிதாயிற்று. நாடெங்கும் மோட்டார்ப் பட்டறைகள் கையிலிருப்பதைத் திருத்திக்கொண்டே காலந்தள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. ஓய்ந்துபோன வில்பட்டைகளை அவிழ்த்து, உலையிலிட்டு, மீண்டும் வளைவு கொடுத்துப் பதமேற்றும் கொல்லரும், தேய்ந்த தண்டைக் கடைந்து சீராக்கும் கடைசல்காரரும் இன்றி எந்த வண்டியும் அக்காலத்தில் நெடுநாள் ஓடியிருக்க முடியாது. பழுது பார்த்தல் என்பது அன்று சிக்கனத்தின் பெயர் அன்று. வண்டி ஓடுவதற்கான ஒரே வழியே அது.

இனி, குலுக்கத்தின் தன்மையைச் சிறிது ஆராய்வோம். சர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து குமரி முனை வரையுள்ள நெடுஞ்சாலை சிமெண்டுத் தளமிட்ட சாலையாக மாற்றப்பட்டது. செம்மண் புழுதியும் மழைக்காலச் சேறும் கண்டு பழகிய மக்களுக்கு அது பெரும் வியப்பாக இருந்திருக்கும். ஆனால் சிமெண்டுச் சாலைக்கு ஓர் இயல்பு உண்டு. வெயிலில் தளம் விரிவதற்கு இடம் விட்டுப் பலகை பலகையாக அதை வார்ப்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓர் இணைப்பு இருக்கும். நாளடைவில் அவ்விணைப்பு ஒவ்வொன்றும் சக்கரத்திற்கு ஓர் அடி கொடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மீட்டருக்கு ஓர் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி சென்றால், ஒரு விநாடியில் அது கடக்கும் தொலைவு பத்து மீட்டர். ஆகவே விநாடிக்கு ஓர் அடி சக்கரத்தில் விழும். வில்லின் மேல் அமர்ந்துள்ள காரின் உடல், தானே மேலும் கீழும் ஆடும் இயல்பான தாளமும் விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை வரையிலேயே இருக்கின்றது. ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை அதன் ஆட்டத்திற்கு இசையத் தள்ளினால் ஊஞ்சல் எவ்வளவு உயரம் எழும் என்பதை நாம் அறிவோம். அவ்வாறே அடியின் தாளமும் வில்லின் தாளமும் ஒன்றாகிவிட்டால், சிறு மேடும் பெருங்குலுக்கமாக வளரும். சக்கரம் தரையை விட்டுக் கணநேரம் எழும். எழுந்த சக்கரத்திற்குத் திருப்பவும் நிறுத்தவும் வலிமை கிடையாது.

அதிர்வு தாங்கியின் தேவை இங்கேதான் எழுகின்றது. அதன் பெயரே சிறிது பொருந்தாத பெயராகும். சாலையின் அதிர்ச்சியைத் தாங்குவது வில். வில் அதைத் தாங்கியபின் அடங்காமல் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதே குழலின் பணி. ஆதலின் அதை அதிர்வு அடக்கி என்று அழைப்பதே முறையாகும். வில் சேர்த்து வைத்த ஆற்றலைக் குழல் வெப்பமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. நெடுந்தூரம் கரடுமுரடான சாலையில் ஓடிய காரின் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தவர்கள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டிருப்பார்கள். அச்சூடு பயணியின் முதுகெலும்பிற்கு வந்து சேராமல் தடுக்கப்பட்ட குலுக்கமேயாகும்.

தொடக்க கால மோட்டார் வண்டிகளுக்கு இக்கருவி கிடையாது. குதிரை வண்டியினின்று வந்த வில்பட்டைகளே அவற்றிற்கும் பொருத்தப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் தம்முள் உராய்வதனால் ஆட்டம் ஓரளவு அடங்கும். வேகம் கூடக்கூட அது போதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த த்ருஃபோ என்பவர் உராய்வினால் ஆட்டத்தை அடக்கும் கருவியொன்றை அமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் அதனைத் தொழில் முறையில் செய்து விற்கலானார். இரண்டு கைகள் ஒரு மூட்டில் சேரும். மூட்டின் நடுவே உராயும் வட்டுகள் இருக்கும். ஒரு திருகினால் அவற்றை இறுக்கவோ தளர்த்தவோ செய்யலாம். 1920-களிலும் 1930-களிலும் பென்ட்லி, புகாட்டி முதலிய புகழ்பெற்ற பந்தயக் கார்கள் இத்தகைய கருவியைக் கொண்டே ஓடின. ஒரு ஸ்பேனர் இருந்தால் அதைக் கழற்றலாம்; வட்டு தேய்ந்தால் புது வட்டு இடலாம். ஓட்டுநரே தம் கருவியின் வைத்தியராக இருந்த காலம் அது.

உராய்வுக் கருவிக்கு ஒரு குறை உண்டு. அசையத் தொடங்கும்போது முரண்டு பிடிக்கும். அசைந்தபின் எளிதில் வழுக்கும். வேண்டுவதோ அதற்கு நேர்மாறானது. மெல்ல அசைந்தால் இளகவும், விரைந்து அசைந்தால் இறுகவும் வேண்டும். எண்ணெய்க்கு அந்த இயல்பு இருக்கிறது. சிறு துளை வழியே எண்ணெயை மெல்லத் தள்ளினால் எளிதில் போகும். விரைந்து தள்ளினால் எதிர்த்து நிற்கும். பிரெஞ்சுக்காரரான மோரிஸ் ஊதாய் இக்கொள்கையின்மேல் எண்ணெய்க் கருவியைச் செய்தார். 1927ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஃபோர்டு ‘ஏ’ மாதிரிக் காரில் அவர் பெயர் கொண்ட எண்ணெய்க் கருவிகளே பொருத்தப்பட்டிருந்தன. செல்வர்க்கு மட்டும் உரியதாய் இருந்த வசதி பொதுமக்கள் காருக்கும் வந்தது.

இதனை அடுத்து வந்தது நெம்புகோல் வகை. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் சில காலம் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்ற கார், இங்கிலாந்தின் மாரிஸ் மைனர் காரேயாகும். அதில் ஒரு சிறு எண்ணெய்க் கலமும், அதனின்று நீளும் ஒரு கையும் இருந்தன. கலத்தின் மேல் ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்து எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றலாம். என்ன எண்ணெய், எவ்வளவு, எத்தனை மைலுக்கு ஒரு முறை என்பதெல்லாம் வண்டியின் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதாவது, இது திறக்கத்தக்கது, கவனிக்கத்தக்கது என்று செய்தவரே வாங்கியவருக்குச் சொல்லி வைத்தார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நீள்குழல் வகை எங்கும் பரவிற்று. குழலுக்குள் குழல், உட்குழலில் பிஸ்டன், இரண்டிற்கும் நடுவே எண்ணெய், பிஸ்டனில் வால்வுகள். மும்பையில் உருவான ஃபியட் 1100 காரிலும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலும் முன்சக்கரங்களுக்கு இவ்வகையே அமைந்தது. 1961ஆம் ஆண்டில் கேப்ரியல் இந்தியா நிறுவனம் மும்பையை அடுத்த முலுண்டில் தொழிற்சாலை நிறுவி, அமெரிக்க மேரிமாண்ட் நிறுவனத்தின் கூட்டுறவோடு இக்கருவிகளை இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கிற்று. கப்பலை எதிர்பார்த்திருந்த நிலை மாறிற்று. விலையும் பொதுமக்களுக்கு எட்டும் அளவிற்கு வந்தது.

இந்த முன்னேற்றத்தோடு ஒரு மாற்றமும் சேர்ந்து வந்தது. நீள்குழலின் வாயை மடித்து அழுத்தி, அல்லது பற்றவைத்து, முற்றிலும் அடைத்துவிட்டார்கள். மூடியும் இல்லை, திருகும் இல்லை. கெட்டால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். இதைத் தொழிலதிபரின் சூழ்ச்சி என்று மட்டும் கூறுதல் நியாயமாகாது. அடைத்த குழலில் தூசி புகாது. இயந்திரத்தால் விரைவில் செய்யலாம். ஆகவே விலை மலிவு. சாதாரணக் காருக்கு அது பொருந்திய ஏற்பாடே. ஆனால் மூடி போனதோடு அதைத் திறக்கத் தெரிந்த கையும் மெல்ல மெல்லப் போயிற்று. இருபது ஆண்டு ஷாக் மாற்றிய தொழிலாளி ஒருவர், அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்பதை ஒருமுறையேனும் காணாமலே ஓய்வு பெறக்கூடும். ஒரு தொழிலின் அறிவு தேய்வதற்கு இதைக் காட்டிலும் அமைதியான வழி வேறில்லை.

1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஃபோர்டு கன்ஸல் காரில் பொதுமக்கள் முன் வந்த மக்ஃபெர்ஸன் அமைப்பு மற்றொரு திருப்பமாகும். இதில் அதிர்வு அடக்கும் குழலே முன்சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் அமைந்தது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரின் மூலம் இவ்வமைப்பு நம் நாட்டுத் தெருக்களை நிறைத்தது. முன்னாளில் தேய்ந்த ஷாக் குலுக்கத்தை மட்டுமே கூட்டிற்று. தூணாக நிற்கும் குழல் தேய்ந்தாலோ சக்கரத்தின் சாய்வும் திருப்பமும்கூட மாறுபடும்.

எல்லோரும் குழலை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதைத் திறந்தே வைத்திருந்தவர்கள் பந்தயக்காரர்கள். அவர்களுக்கு அது விருப்பமன்று, கட்டாயம். பந்தயத்தின் வேகத்தில் பிஸ்டன் எண்ணெயைக் கடைவது, மத்து தயிரைக் கடைவதற்கு ஒப்பாகும். எண்ணெயில் காற்றுக் குமிழிகள் சேர்ந்து நுரைக்கும். நுரைக்கு எதிர்ப்பு வலிமை இல்லை. பந்தயத்தின் தொடக்கத்தில் உறுதியாக இருந்த கார் இறுதிச் சுற்றுகளில் படகுபோல ஆடத் தொடங்கும். பிரெஞ்சு நாட்டின் கிறிஸ்தியன் பூர்சியே தெ கார்பன் என்பவர் 1950-களில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஒற்றைக் குழலின் அடியில் நைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து, வாயுவையும் எண்ணெயையும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைத்தார். அழுத்தத்தில் நிற்கும் எண்ணெய் எளிதில் நுரைப்பதில்லை. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் இம்முறையை மேற்கொண்டு, 1957ஆம் ஆண்டில் மெர்ஸிடிஸ் பென்ஸ் கார்களுக்கு வழங்கத் தொடங்கிற்று. நெதர்லாந்தின் கோனி நிறுவனமோ, 1857ஆம் ஆண்டில் குதிரைச் சேணம் செய்யும் கடையாகத் தோன்றிய நிறுவனம். அது பின்னாளில் இறுக்கம் மாற்றத்தக்க, திறந்து திருத்தத்தக்க ஷாக்குகளால் உலகப் புகழ் பெற்றது. வண்டி இழுக்கும் குதிரையின் தோளைக் காத்த கைகளின் வழியில் வந்தோர், வண்டியில் அமர்வோரின் முதுகைக் காக்கத் தலைப்பட்டனர் எனலாம்.

தமிழ்நாட்டில் இக்கலை வளர்ந்த களம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். போர்க்காலத்தில் விமானத் தளமாக இருந்த அவ்விடத்தில், 1953ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் பந்தயங்களை நடத்தி வந்தது. ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. வெளிநாட்டுப் பந்தய உறுப்புகளை இறக்குமதி செய்வது எளிதாய் இராத அந்நாட்களில், கிடைத்ததைத் திறந்து, எண்ணெயின் கனத்தை மாற்றி, வால்வைத் திருத்திப் பார்ப்பதைத் தவிரப் பந்தயக்காரருக்கு வேறு வழியில்லை. பந்தயப் பாதையைக் காட்டிலும் கடுமையான தேர்வு ராலி என்னும் நெடுவழிப் போட்டி. தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்ற கோவை ஜி. ஆர். கார்த்திகேயனும், அந்நகரிலேயே பந்தயக் கார்களைக் கட்டிய எஸ். கரிவரதனும் தமிழர் மறவாத பெயர்கள். கேரளத்திலும் ராலிப் போட்டிகள் நடந்து வருகின்றன. கப்பிச் சாலையிலும் மண்சாலையிலும் பாயும் இக்கார்களின் ஷாக்குகளைப் போட்டி முடிந்தவுடன் திறந்து பார்ப்பது இன்றும் வழக்கம்.

அவ்வாறு திறக்கும் பட்டறையொன்றின் வாயிலில் நின்று பார்ப்போமானால், மருத்துவமனையின் ஒழுங்கை அங்கே காணலாம். முதல் வேலை, வெளியே ஒட்டிய மண்ணை முற்றிலும் கழுவுதல். ஒரு மணல் துகள் உள்ளே சென்றாலும் புதிய ஆயில் சீல் சில நாட்களில் கிழிந்துவிடும். அடுத்து, நைட்ரஜன் வாயுவை அதற்குரிய வால்வின் வழியே மெல்ல வெளியேற்றுவார்கள். காற்று மண்டல அழுத்தத்தைப்போல் இருபது மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தம் அதற்குள் இருக்கக்கூடும். அதை வெளியேற்றாமல் மூடியைக் கழற்றப் புகுவது, கொதிக்கும் குக்கரின் மூடியைத் திறப்பதைவிடக் கொடிது.

பின்னர் மூடியைக் கழற்றி எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றுவார்கள். எண்ணெயே நோயைச் சொல்லிவிடும். கறுத்திருந்தால் சூட்டில் வெந்தது. பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்தது. வெள்ளித் தூள் மின்னினால் உலோகம் உலோகத்தைத் தின்றது. பிஸ்டன் தண்டை விரலால் மேலும் கீழும் தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் நகத்திற்குத் தெரியும். தண்டு வளைந்துள்ளதா என்பதை உருளைமேல் வைத்து, முள் காட்டும் அளவு கருவியால் சோதிப்பார்கள். கீறல் ஆழமானால் தண்டைச் சாணை பிடித்து, மீண்டும் கடினக் குரோமியம் பூசி, அளவிற்குத் தேய்த்தெடுக்க வேண்டும். அல்லது புதுத் தண்டு இட வேண்டும். அங்கே சிக்கனம் காட்டினால் புது ஆயில் சீல் இட்டும் பயனில்லை.

பிஸ்டனின் இருபுறமும் மெல்லிய எஃகு வட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கனமும் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவிலேயே இருக்கும். எண்ணெய் பாயும்போது அவை சிறிது வளைந்து வழி விடும். எந்த வட்டு மேலே, எது கீழே, எத்தனை என்பதிலேயே அந்தக் காரின் குணம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. ஆதலின் நல்ல தொழிலாளி கழற்றிய வரிசையிலேயே அவற்றைக் கம்பியில் கோத்து வைத்து, தாளிலும் குறித்துக்கொள்வார். பிறகு புதிய சீல்கள், பிஸ்டன் பட்டை, உரிய எண்ணெய்; காற்றுக் குமிழி ஒன்றும் தங்காதவாறு மெல்ல அசைத்து அசைத்து நிரப்புதல்; இறுதியில் வாயு ஏற்றுதல். அதன் பின்னரும் வேலை முடிந்ததாகக் கருதுவதில்லை. சோதனை இயந்திரத்தில் பூட்டி, பல வேகங்களில் இயக்கி, இடப்பக்க ஷாக்கும் வலப்பக்க ஷாக்கும் ஒத்த வலிமை காட்டுகின்றனவா என்று ஒப்பிடுவார்கள். ஒன்று இறுகியும் ஒன்று இளகியும் இருந்தால், இரண்டும் தேய்ந்திருந்த நிலையே மேல் என்னும்படி கார் ஒருபுறம் இழுக்கும்.

திருவனந்தபுரத்தில் இத்தொழிலுக்கு மற்றோர் எதிரியும் உண்டு. கடற்கரை நகரம், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் காணும் ஊர். உப்புக் காற்றும் இடைவிடாத ஈரமும் தண்டின்மேல் உள்ள குரோமியப் பூச்சில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துருவை உண்டாக்கும். ஓடாமல் நிறுத்தி வைத்த அழகிய விரைவுக் காருக்கே இத்தீங்கு மிகுதி. அத்துருப்புள்ளி ஒவ்வொன்றும் அரம்போல் சீலை அராவும், எண்ணெய் கசியும், கசிந்த எண்ணெயில் புழுதி படியும். ஷாக்கின் மேற்பகுதியில் கறுத்த ஈரத்தைக் கண்டால், அதுவே முதல் எச்சரிக்கை என்று கொள்ள வேண்டும்.

இங்குதான் நாம் வற்புறுத்த வேண்டிய செய்தி வருகின்றது. தேய்ந்த ஷாக் ஒரே நாளில் கெடுவதில்லை; ஓசையிட்டு அழைப்பதும் இல்லை. மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தளரும். ஓட்டுபவரும் அதற்குத் தம்மையறியாமலே பழகிக்கொள்வார். மழை நாளில், வளைவில், குறுக்கே ஒருவர் வரும்போது பிரேக்கை அழுத்தினால்தான், சக்கரம் தரையைப் பற்றாமல் துள்ளுவது தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை. டயரின் மேற்பரப்பு சமமாகத் தேயாமல் குழி குழியாகத் தேய்ந்திருத்தலும், பிரேக் இடும்போது காரின் மூக்கு வழக்கத்திற்கு மேல் தாழ்தலும், மேடு ஏறி இறங்கியபின் கார் இரண்டு மூன்று முறை ஆடி நிற்றலும் குறிப்பறிந்து கொள்ளத்தக்க அடையாளங்கள்.

பழுது பார்த்தல் என்ற பெயரில் நடக்கும் போலி வேலையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அடைத்த குழலில் துளையிட்டு, கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றி, துளையைப் பற்றவைத்து, கறுப்பு வர்ணம் பூசிப் புதிதுபோல விற்பது எல்லா ஊர்களிலும் காணப்படுவதே. சீல் மாறவில்லை, தண்டு பார்க்கப்படவில்லை, வால்வு திறக்கப்படவில்லை. சில வாரங்களில் பழைய நிலைக்கே அது திரும்பிவிடும். வாயு அடைத்த குழலில் துளையிடத் துணிவதோ, செய்பவரின் உயிருக்கே ஆபத்து. திறப்பதற்கென்று செய்யப்பட்டதைத் திறந்து திருத்துவது கலை. அடைப்பதற்கென்று செய்யப்பட்டதை உடைத்து ஒட்டுவது ஏமாற்று. முன்னதற்குக் கொடுக்கும் கூலி அதிகமாய்த் தோன்றினாலும் அது தகும். பின்னது இலவசமாய்க் கிடைத்தாலும் வேண்டாம். அடைத்த குழல் தேய்ந்தால், ஓர் அச்சில் உள்ள இரண்டையும் ஒருசேரப் புதிதாக மாற்றுவதே நேர்மையான வழி.

நெடுங்காலம் காத்தலுக்கு அதே நகரத்தில் ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு இருந்தது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, சித்திரைத் திருநாள் மன்னரின் தம்பியார். மோட்டார் வண்டிகளில் பேரார்வம் உடையவர். 1950-களைச் சேர்ந்த மெர்ஸிடிஸ் பென்ஸ் 180 காரொன்றை அவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தம்மிடமே வைத்திருந்தார். மிக நெடிய தூரம் ஓடியதற்காக அந்நிறுவனம் வழங்கிய பதக்கங்கள் அக்காரின் முகப்பை அணி செய்தன. ஒரு வண்டி அத்தனை காலம் ஓடுவதற்கு இரும்பு மட்டும் காரணமாகாது. ரப்பர் கெடும்; எண்ணெய் கெடும்; ஷாக் தேயும். உரிய காலத்தில் ஒவ்வொன்றையும் புதுப்பித்த கைகள் இருந்தாலன்றி அது இயலாது. பதக்கத்தில் பெயர் பொறிக்கப்படாத அக்கைகளுக்கும் அப்பெருமையில் பங்குண்டு.

1938இல் சாக்கைப் பட்டறையில் பஸ்ஸின் மேற்கூட்டைக் கட்டியவர்களிடம் இருந்ததும், சோழவரத்தில் வால்வைத் திருத்தியவர்களிடம் இருந்ததும் ஒரே மனப்பான்மைதான்: உள்ளே இருப்பதை அறிந்துகொண்டே ஓட்டுதல். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் மோட்டார்த் தொழிலைச் சார்ந்தவர் பலர். தில்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே. சி. ரோடு, கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை என்று எங்கு சென்றாலும் உதிரி உறுப்புக் கடைகளைக் காணலாம். அங்கெல்லாம் உறுப்பை விற்பவர் மிகுதி. அதன் உள்ளமைப்பை அறிந்தவர் குறைவு. தொழில் கற்கும் நம் இளைஞர்கள், எறியப்பட்ட பழைய ஷாக் ஒன்றை, வாயு வகை அல்லாததாகத் தேர்ந்து, அறிந்தவர் துணையோடு ஒருமுறை அறுத்துத் திறந்து பார்த்தல் நன்று. புத்தகத்தின் பத்துப் பக்கங்கள் கற்பியாததை அது ஒரு நாழிகையில் கற்பித்துவிடும்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும் வழியில், களியக்காவிளையைத் தாண்டி ஒரு மேட்டில் வண்டி ஏறி இறங்கும்போது, அது ஒரே அசைவில் அடங்கி நிற்கின்றதா, மீண்டும் மீண்டும் ஆடுகின்றதா என்பதைச் சற்றுக் கவனியுங்கள். ஆடுமாயின், ஊர் சேர்ந்தபின் முதல் வேலையாக ஒரு நல்ல தொழிலாளியிடம் காட்டுங்கள். குழந்தைகளும் முதியோரும் அமர்ந்து செல்லும் வண்டி அது.